எழுதிய விதியும் எழுதாத விதியும்

கறுப்பர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதுகிற விளையாட்டு வரலாறுகளில் 'முதல்' என்ற சொல்லுக்கு இருக்கிற மவுசு வேறெந்தச் சொல்லுக்கும் கிடையாது. முதல் கறுப்பு ஆட்டக்காரர், முதல் கறுப்புப் பயிற்சியாளர், முதல் கறுப்பு நடுவர் என்று பட்டியல் போட்டு, படம் போட்டு, வருஷத்துக்கொரு நாள் விழா எடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த முதல் ஆளுக்கு முன்னால் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள், அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆள் வர எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கைப் பிரதியை இங்கே வாசித்துப் பார்க்கலாம். ஆட்டக்காரர் பெயர் வில்லி ஓரீ. ஆட்டம் ஐஸ் ஹாக்கி.

நம்மில் பலர் இந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. உறைந்த பனித்தளத்தில், அடியில் கத்திபோல் இரும்பு பொருத்திய பூட்ஸைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அதில் மூன்று பேர் முன்னாட்டக்காரர்கள்: நடுவில் ஒருத்தர், இடது ஓரம் ஒருத்தர், வலது ஓரம் ஒருத்தர். பந்து இல்லை, கெட்டியான ரப்பர் வட்டு. கையில் நீண்ட மட்டை. வட்டு வைத்திருப்பவனைத் தோளால் இடித்துச் சுற்றுப்பலகையோடு நசுக்குவது விதிப்படி சரியான ஆட்டம். எது ஆட்டம், எது வன்மம் என்று நடுவரே பிரித்துச் சொல்லத் திணறுவார். நிறத்தைப் பார்த்து அடிக்கிறவனுக்கு இந்த ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள இடம் நிறைய உண்டு. இதை மனசில் வைத்துக்கொண்டால்தான் மற்றது புரியும்.

ஓரீ 1935இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஃபிரெடரிக்டன் நகரத்தில் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. முன்னோர்கள் அமெரிக்க அடிமைமுறைக்குத் தப்பி வடக்கே ஓடிவந்தவர்கள். ஊரில் கறுப்புக் குடும்பங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மூன்று வயதிலேயே பனியில் கால் வைத்துவிட்டார். குளிர்காலத்தில் ஆறும் குளமும் உறைந்து கிடக்கிற ஊரில் சறுக்கத் தெரியாத பிள்ளை ஏது? சின்ன வயசு ஆட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள யாரும் தயங்கவில்லை. மேலே போகப் போகத்தான் ஆட்டத்தின் நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது.

1949இல் அவருடைய பேஸ்பால் அணி வெற்றி பெற்றதற்குப் பரிசாகப் பிள்ளைகளை நியூயார்க்குக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஜாக்கி ராபின்சனைப் பார்க்கிறார். 1947இல் பேஸ்பால் பெரிய லீகின் நிறத்தடையைத் தாண்டி ஆடியவர் ராபின்சன். நான் ஐஸ் ஹாக்கியும் ஆடுகிறேன் என்று பையன் சொல்கிறான். கறுப்புப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்கள் என்பதே எனக்குத் தெரியாதே என்று ராபின்சன் ஆச்சரியப்படுகிறார். பல இடங்களில் இனிமையான நினைவாகச் சொல்லப்படும் காட்சி இது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரீயின் பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவில், ஹாலிஃபாக்ஸ் நகரத்தில், 1895 வாக்கிலேயே கறுப்பர்கள் தங்கள் தேவாலயங்களை மையமாக வைத்துத் தங்களுக்கென்று ஒரு ஹாக்கி லீகே நடத்தியிருக்கிறார்கள். தேசிய ஹாக்கி லீக் பிறந்தது 1917இல். இருபது வருஷத்துக்கு மேல் மூத்தது கறுப்பர்களின் லீக். அதைத் தோண்டியெடுத்து ஜார்ஜ் ஃபாஸ்டி, டேரில் ஃபாஸ்டி சகோதரர்கள் 'பிளாக் ஐஸ்' என்ற நூலாகப் போட்டது 2004இல். ராபின்சனுக்கே தெரியாத அளவுக்கு அந்த வரலாற்றை இருட்டடிப்புச் செய்திருந்தார்கள் என்பதுதான் அந்தக் காட்சியின் உள்ளடக்கம். ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆடியவனை அழித்துவிட்டு, பிறகு அவன் பேரனைப் பார்த்து 'இது உங்க ஆட்டம் இல்லையே' என்று கேட்பது.

சரி, கண்ணுக்கு வருவோம். ஓரீயைப் பற்றி எழுதிய எல்லோரும் கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள்.

1955-56 பருவத்தில் கிச்சனர் கனக்ஸ் அணிக்காக ஆடும்போது வேகமாக வந்த வட்டு அவர் முகத்தில் பட்டது. மூக்கும் கன்ன எலும்பும் உடைந்தன. வலது கண்ணின் பார்வை 95 சதம் போயிற்று. இனி ஆடவே கூடாது என்றார் மருத்துவர். இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பனியில் இருந்தார் ஓரீ. வீட்டில் அக்காளிடம் மட்டும் சொல்லி, அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அதற்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஒற்றைக் கண்ணோடு ஆடினார்.

அவர் ஆடியது இடது ஓரம். எதிரி கோலை நோக்கி ஓடுகிறபோது இடது கைப்பக்கம் சுற்றுப்பலகை. மற்ற எல்லாமே வலது பக்கம். நடுவிலிருந்து வரும் வட்டு, மோத வருகிற ஆள், கூட ஓடுகிற சகா, எல்லாம் அவருக்குப் பார்வை இல்லாத பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். முழுத் தலையையும் வலது தோளுக்கு மேல் திருப்பினால்தான் தெரியும். தலையைத் திருப்பிய அந்த நொடியில்தான் இடிப்பான் எதிராளி. பின்னால் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பயிற்சியாளர் அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். திடீரென்று மைதானம் முழுக்க நல்ல கண்ணின் பக்கம் வந்துவிட்டது. கோல்கள் குவிந்தன. அந்த லீகில் இரண்டு பருவங்களில் 38 கோல்கள் வரை போட்டார். ஓரம் மாற்றிய பயிற்சியாளருக்கும் கண் விஷயம் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாக எழுதுவது சுலபம். முயன்றால் முடியும், உடம்பில் குறை இருந்தாலும் மனசில் குறை இல்லை, வகையறா. பள்ளிக்கூட விழாவுக்கு ஏற்ற பேச்சு. ஆனால் அதே பிரதியை வேறு விதமாகவும் வாசிக்கலாம்.

ஒற்றைக் கண் ஆட்டக்காரனைச் சேர்க்கக் கூடாது என்று தேசிய ஹாக்கி லீகில் எழுதி வைத்த விதி இருந்தது. கறுப்பனைச் சேர்க்கக் கூடாது என்று எங்குமே எழுதி வைக்கவில்லை. விதிப்புத்தகத்தை மேலிருந்து கீழ் வரை புரட்டினாலும் அப்படி ஒரு வரி கிடைக்காது. நடந்தது என்ன? எழுதிய விதியை ஓரீ வாயை மூடிக்கொண்டே தாண்டிவிட்டார். கண்ணை யாரும் சோதிக்கவில்லை; இவரும் சொல்லவில்லை; அவ்வளவுதான். எழுதாத விதியைத் தாண்ட வழியே இல்லை, ஏன்னா தோலை ஒளித்து வைக்க முடியாது. எழுதிய விதிக்குக் காரணம் கேட்கலாம், வாதாடலாம், ஏய்க்கலாம். எழுதாத விதியை எதிர்த்து வாதாடப் போனால் 'அப்படி ஒரு விதியே இல்லையே தம்பி' என்று சிரிப்பார்கள். வில்லி ஓரீயின் வாழ்க்கைக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு விதிகளும் ஒரே உடம்பில் சந்தித்துக்கொள்வதுதான்.

1956இல் மில்வாக்கி பிரேவ்ஸ் பேஸ்பால் அணி அவரைத் தேர்வுக்கு ஜார்ஜியா மாநிலம் வேக்ராஸுக்கு அழைத்தது. தெற்கில் எழுதிய விதிகளும் உண்டு: வெள்ளையருக்குத் தனிக் குழாய், தனிக் கழிவறை, தனி ஓட்டல். தேர்வாகாமல் பேருந்தில் ஊர் திரும்புகிறார். பின்னிருக்கையில் உட்கார்ந்து புறப்பட்டவர், பேருந்து வடக்கே நகர நகர ஒவ்வொரு வரிசையாக முன்னுக்கு வந்து உட்கார்ந்து, கனடாவை நெருங்கும்போது முன்வரிசைக்கு வந்துவிட்டதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நல்ல படிமம். ஆனால் இந்தப் படிமத்துக்குள் ஒரு ஏமாற்று இருக்கிறது. வடக்கே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்கிறது. வடக்கில் என்ன நடந்தது என்பதற்கு அவருக்கு முந்தின தலைமுறை ஆள் ஒருவர் சாட்சி.

ஹெர்ப் கார்னகி. 1919இல் டொரண்டோவில் ஜமைக்காப் பெற்றோருக்குப் பிறந்தவர். நடு முன்னாட்டக்காரர். பதினெட்டு வயசு வாக்கில், டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் முதலாளி கான் ஸ்மித், இந்தப் பையனை யாராவது வெள்ளையாக மாற்றித் தந்தால் நாளைக்கே ஒப்பந்தம் போடுகிறேன் என்று சொன்னதாகத் தன் பயிற்சியாளர் வழியாகக் கேள்விப்படுகிறார். ஸ்மித் அந்த வார்த்தைகளைத்தான் சொன்னாரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாடட்டும். ஸ்மித் காலத்து மேப்பிள் லீஃப்ஸில் ஒரு கறுப்பரும் ஆடியதில்லை என்பதில் வாதம் இல்லை.

கார்னகியும் அவர் அண்ணன் ஆஸியும் மேனி மெக்கின்டையரும் சேர்ந்து கியூபெக்கில் முழுக்கக் கறுப்பர்களாலான முன்வரிசையாக ஆடினார்கள். தொடர்ந்து மூன்று முறை கார்னகி அந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 1948இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. முதலில் கடைமட்டக் கிளை அணியில் சேர 2,700 டாலர். அப்புறம் 3,700. அப்புறம் 4,700. ஷெர்புரூக்கில் அவர் வாங்கிக்கொண்டிருந்தது இதைவிட அதிகம். உலகமெல்லாம் தலைப்புச் செய்தியில் வருவாய் என்று ஆசை காட்டினார்களாம். என் குடும்பத்துக்குச் சாப்பிடத் தலைப்புச் செய்தி உதவாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவர்.

அவரே மறுத்துவிட்டாரே, இதில் நிறவெறி எங்கே வந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. ராபின்சன்கூட முதலில் ஒரு வருஷம் கீழ் அணியில் ஆடித்தானே மேலே போனார் என்பார்கள். ராபின்சனுக்கு மேலே ஒரு நாற்காலி காத்திருந்தது. முதலாளியே முடிவு செய்து வைத்திருந்தார். கார்னகிக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்? மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் என்று பெயரெடுத்த 28 வயசுக்காரனைக் கடைசிப் படியில் நின்று குறைந்த கூலிக்குத் திறமையை நிரூபி என்று சொல்வது அழைப்பு ஆகாது. மறுப்பதற்கென்றே செய்த அழைப்பு அது. மறுத்த பிறகு பழியும் மறுத்தவன் தலையில்.

அதே 1948இல் அதே ரேஞ்சர்ஸ் லாரி குவாங் என்ற சீன-கனடியரை மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் ஒரே ஒரு ஆட்டத்தில் இறக்கியது. மூன்றாவது கட்டத்தின் கடைசியில் சுமார் ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்! அதோடு சரி. ஆனாலும் அவர் 'முதல்' பட்டியலில் இருக்கிறார். கார்னகி இல்லை. இந்தப் பட்டியல்களின் லட்சணம் இதுதான்.

கார்னகி 1997இல் தன்வரலாறு எழுதினார். தலைப்பின் பொருள்: பால் வாளியில் ஒரு ஈ. வெள்ளைக் கடலில் ஒரே கறுப்புப் புள்ளியாகத் தான் இருந்ததைச் சொல்கிறார். கசப்பான, துல்லியமான படிமம். ஆனால் நின்று யோசித்தால் எனக்கு இதில் ஒரு சங்கடம். ஈ தன்னை ஈ என்று பார்ப்பதில்லை. வாளியை எட்டிப் பார்க்கிறவன்தான் ஐயோ ஈ விழுந்துவிட்டதே என்கிறான். பால் அவன் சொத்து. கார்னகி தன்னைச் சொல்ல அந்த வாளிக்காரனின் கண்ணைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டவர் தன்வரலாறு எழுதும்போதெல்லாம் இந்தக் கடன் வந்து நிற்கிறது. அதைத் தெரிந்தே, பல்லைக் கடித்துக்கொண்டு தலைப்பாகவே வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று நண்பர்கள் படித்துவிட்டு வாதிடலாம். தெரிந்தேதான் என்பது என் கட்சி.

கார்னகி ஆடிய அதே கியூபெக் ஏசஸ் அணியில், அதே பஞ்ச் இம்லாக் பயிற்சியில்தான் சில வருஷம் கழித்து ஓரீ சேர்கிறார். 1958 ஜனவரி 18. பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் ஆள் குறைகிறது, ஓரீயைக் கூப்பிடுகிறார்கள். குவாங் ஒரு நிமிஷம் ஆடிய அதே மாண்ட்ரியல் அரங்கு. பாஸ்டன் 3-0 என்று ஜெயிக்கிறது. தேசிய ஹாக்கி லீகில் முதல் கறுப்பர் தான்தான் என்பதையே மறுநாள் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆட்டம் ஆடவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி 1960-61இல் 43 ஆட்டம். 4 கோல், 10 உதவிகள். 1961 புத்தாண்டு அன்று மாண்ட்ரியலுக்கு எதிராக முதல் கோல். பாஸ்டன் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெரிய கணக்கு இல்லைதான். அந்த வருஷம் அணியே கடைசி இடம்.

சிகாகோவில் ஒரு எதிரணி ஆட்டக்காரர் வசையோடு வந்து மட்டையின் மேல்முனையால் வாயில் குத்தினார். ஓரீயின் முன்பற்கள் இரண்டு போயின, மூக்கும் உடைந்தது. ஓரீ தன் மட்டையால் அவர் தலையில் திருப்பி அடித்தார். அரங்கம் கொந்தளித்தது. உயிரோடு வெளியே போவோமா என்று நினைத்தாராம். பின்னாளில் வர்ஜீனியாவில் பனித்தளத்தின் மேல் பருத்தியை வீசினார்கள், கறுப்புப் பூனையை வீசினார்கள். பருத்தி ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பருத்திக் காட்டிலிருந்து தப்பி ஓடியவர்களின் வாரிசுக்கு நூறு வருஷம் கழித்து விலாசம் தேடி வந்து சேர்ந்த கடிதம் அது.

அடுத்த பருவத்துக்கும் நீ உண்டு என்று பாஸ்டன் சொல்லி அனுப்பியது. அந்தக் கோடையிலேயே மாண்ட்ரியலுக்கு மாற்றியது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பை வாங்கிய அணியில் இவருக்கு எங்கே இடம்? சில மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்கு, மேற்கு லீகுக்கு. தேசிய லீக் அத்தோடு முடிந்தது. மொத்தம் 45 ஆட்டம்.

இரண்டாவது கறுப்பர் மைக் மார்சன் 1974இல் வருகிறார். 13 வருஷம். இடையில் 1967இல் லீக் 6 அணியிலிருந்து 12 அணியானது, 1972இல் 16. இடம் ஒரே மூச்சில் இரண்டு மடங்கானபோதும் சான்டியேகோவில் கோலாகப் போட்டுக்கொண்டிருந்த ஓரீயை ஒருத்தரும் கூப்பிடவில்லை. கண் காரணமா? கண் விஷயம்தான் யாருக்கும் தெரியாதே! தெரியாத விஷயம் காரணமாக இருக்க முடியாது. வயசு என்பார்கள். 38 கோல் போட்ட 1968-69இல் அவருக்கு வயசு 33. கிழவர்களை வைத்தெல்லாம் புது அணிகள் ஆள் நிரப்பிய காலம் அது.

1979இல், 43 வயதில், ஆட்டத்தை விட்டார். பிறகு சான்டியேகோ பக்கம் ஒரு ஓட்டலில் பாதுகாப்பு வேலை. தேசிய லீக் அவரை மறந்திருந்தது. 1998இல் கூப்பிட்டு, ஊர் ஊராகப் போய் எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் ஆட்டத்துக்கு அழைக்கிற தூதர் ஆக்கியது. அப்புறம் விருதுகள். 2018இல் ஹாக்கிப் புகழ்மாடம். 2022 ஜனவரி 18இல் அவருடைய 22ஆம் எண் சட்டையைப் பாஸ்டன் அரங்கத்தின் கூரைக்கு ஏற்றினார்கள். கொரோனா காரணமாக அவர் திரையில்தான் பார்த்தார். அதே மாதக் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றத் தங்கப் பதக்கத்துக்கான சட்டம் கையெழுத்தானது.

புகழ்மாடத்தில் அவரை எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரர் பிரிவில் இல்லை. ஆட்டத்தைக் கட்டி வளர்த்தவர்கள் என்ற பிரிவில். 2012இல் செத்துப்போன கார்னகியைப் பத்து வருஷம் கழித்து 2022இல் சேர்த்தார்கள். அவரையும் அதே பிரிவில். ஆட்டக்காரர் பிரிவுக்கு ஓரீயின் 45 ஆட்டம் போதாது. கார்னகிக்கோ ஒரு ஆட்டமும் இல்லை. கணக்குச் சரிதான். அந்தக் கணக்கு எப்படி உண்டானது? ஆடவிடாமல் செய்துவிட்டு, ஆடிய எண்ணிக்கையை அளவுகோலாக வைப்பது. தகுதி, திறமை என்ற சொற்கள் எங்கே கேட்டாலும் அளவுகோல் யார் கையில் இருந்தது என்று பார்க்கப் பழகியவர்களுக்கு இது புதிசில்லை.

ஓரீயின் இரண்டாவது தன்வரலாறு, மைக்கேல் மெக்கின்லியோடு சேர்ந்து எழுதிய 'வில்லி', 2020இல் வந்தது. கோபம் கிட்டத்தட்ட இல்லாத குரல். வசையை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன், அடித்தால் மட்டும் திருப்பி அடித்தேன் என்கிற குரல். இந்த அமைதியைத்தான் லீக் கொண்டாடுகிறது. இந்தக் குரலை நமக்குள் சில தோழர்கள் சமரசம் என்று தள்ளிவிடக்கூடும். அது நியாயமில்லை. கால் நூற்றாண்டு ஒரு கண்ணை ஒளித்து வைத்தவருக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பது உயிர் பிழைக்கிற வித்தை. அந்த வித்தை மொழியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. குறை அவர் மௌனத்தில் இல்லை. அந்த மௌனத்தைச் சட்டம்போட்டு மாட்டி, பாருங்கள், இவரே புகார் சொல்லவில்லை என்று மற்றவர்கள் வாயை அடைக்கப் பயன்படுத்துவதில் இருக்கிறது. 2019இல் அகிம் அலியு, பத்து வருஷம் முந்திக் கீழ் லீகில் தன் பயிற்சியாளர் தன்னை வசைச்சொல்லால் திட்டியதை வெளியே சொன்னார். சில நாளில் அந்தப் பயிற்சியாளர், அப்போது கால்கரி அணியில் இருந்தவர், பதவி விலகினார். 2020இல் அலியுவும் வேறு சில ஆட்டக்காரர்களும் லீகுக்கு வெளியே தனிக் கூட்டமைப்பு அமைத்தார்கள். தூதராகப் போகாத குரல் அது.

கார்னகி முதிய வயதில் 1948ஐப் பற்றிப் பேசும்போது கேமரா முன்னால் அழுதிருக்கிறார். அந்த அழுகை ஓரீயின் புத்தகத்தில் இல்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஒரு முழுச் சாட்சியம் கிடைக்கிறது. வாய்ப்பிருக்கிற நண்பர்கள் முதலில் கார்னகியைப் படியுங்கள், அப்புறம் ஓரீயை. மாற்றிப் படித்தால் ஓரீ வெற்றிக் கதையாகவும் கார்னகி அதற்கு முன்குறிப்பாகவும் ஆகிவிடும். ரேஞ்சர்ஸ் முகாம் பற்றிய கார்னகியின் பக்கங்களையாவது யாராவது தமிழில் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்.